எண்ணெய் போயிடுச்சு, உப்பு எங்கே போகும்?

டெல்டாவில் எண்ணெய்க் கிணறு என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது 2017 ஜூன் 30. தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் கசிந்து, எண்ணெய் வயலில் பரவி, தீயும் பிடித்தது. போராட்டமும் தடியடியும் தலைப்புச் செய்திகள் ஆயின. ஆனால் எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் தண்ணீரைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. கிணறு பழசாக ஆக, எண்ணெயைவிடத் தண்ணீர்தான் அதிகம் வரும். பாறைக்குள் காலங்காலமாகக் கிடந்த அந்தத் தண்ணீர் பெரும்பாலும் உப்புக் கரிக்கும்.

அதிலிருந்து எண்ணெயை எப்படிப் பிரிக்கிறார்கள்? தொட்டியில் தேக்கி வைத்தால் பெரிய துளிகள் தானாக மேலே வந்துவிடும். சிக்கல் பொடித் துளிகளில்தான். துளியின் அளவு பாதியானால், மேலே ஏறும் வேகம் நாலில் ஒன்றாகிவிடும். அதுவரை யார் காத்திருப்பது? அங்கேதான் வாயுக் குமிழிகள் கைகொடுக்கின்றன. அழுத்தம் கொடுத்து வாயுவைத் தண்ணீரில் கரைத்து, பிறகு அழுத்தத்தைக் குறைப்பார்கள். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி நுண்குமிழிகள் பொங்கும். அவை எண்ணெய்த் துளிகளில் ஒட்டிக்கொண்டு, அவற்றையும் தூக்கிக்கொண்டு மேலே வரும். துளிகள் ஒன்றுசேர ரசாயனமும் கொஞ்சம் சேர்ப்பார்கள். மேலே திரளும் நுரையை வழித்து எடுத்தால் வேலை முடிந்தது. சில நிமிஷ வேலைதான். காற்றுக்குப் பதிலாக இயற்கை எரிவாயு அல்லது நைட்ரஜனைப் பயன்படுத்துவது வழக்கம். எண்ணெய் ஆவியோடு ஆக்சிஜன் கலந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு, குழாயும் துருப்பிடிக்கும்.

இப்போது தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும். ஆனால் கரைந்த உப்பும், கரைந்த பென்சீன் போன்றவையும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். குமிழி ஒட்டுவது மிதக்கும் துளியில்தானே! ஆரணி, பெரணமல்லூர் பக்கத்தில் பட்டு நூல் சாயத் தண்ணீரைத் துணியில் வடிகட்டினால் தூசி நிற்கும், சாயம் நிற்குமா?

மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளுக்கும் இது தெரியும். நிலத்தில் விடும் நீரில் எண்ணெய் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குளோரைடு 600, கரைந்த திடப்பொருள் 2,100. அதுவே கைவிட்ட கிணற்றில் 1,000 மீட்டருக்குக் கீழே செலுத்துவதாக இருந்தால், எண்ணெய் 10, மிதக்கும் திடப்பொருள் 100 என்ற இரண்டு அளவுகள் போதும். உப்புக்கு வரம்பு இல்லை. அது வந்த இடத்துக்கே போகிறது என்று கணக்கு.

அந்தக் கணக்கு சரியாக வர, போகிற வழியில் குழாயோ கிணற்றுச் சுவரோ ஒழுகக் கூடாது. கதிராமங்கலத்தில் கசிந்தது எண்ணெய் என்பதால் கண்ணுக்குத் தெரிந்தது. உப்புத் தண்ணீர் கசிந்தால் நாற்று கருகும்போதுதான் தெரியும். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளுக்குத்தான் தடை போட்டது. ஏற்கெனவே இருப்பவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே எண்ணெய் எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் கேட்டால் போதாது. நீர் செலுத்தும் ஒவ்வொரு கிணற்றின் அழுத்தப் பதிவும், அதைச் சுற்றியுள்ள ஊர்களின் நிலத்தடி நீரில் குளோரைடு அளவும் மாதாமாதம் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.