எது யூனிக்ஸ்? எங்கள் குழுவின் நிலைப்பாடு

ஓர் இயங்குதளம் அசல் யூனிக்ஸா என்று தீர்மானிக்க அதன் வம்சமோ கையிலுள்ள சான்றிதழோ போதாது. வெளியிடப்பட்ட விதிகளின்படி அது நடந்துகொள்கிறதா என்பதே உரைகல் என்று எங்கள் பயனர் குழு கருதுகிறது. யூனிக்ஸ் என்ற வணிக முத்திரை ‘தி ஓப்பன் குரூப்’ அமைப்புக்குச் சொந்தம். அதன் விதிகளின்படி சோதிக்கப்பட்டுச் சான்றிதழ் பெற்ற தளங்களே அந்த முத்திரையைப் பயன்படுத்தலாம் என்பது சட்டத்தின் பாடு. அதில் எங்களுக்குத் தகராறு இல்லை. ஆனால் பாடத்திட்டத்திலும் கொள்முதல் நிபந்தனையிலும் அந்த முத்திரையை மட்டும் வைத்து ஒரு தளத்தைச் சேர்ப்பதையும் தள்ளுவதையும் ஏற்க மாட்டோம்.

முத்திரை காட்டும் படம் விசித்திரமானது. 1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸிலிருந்து பெர்க்லி பல்கலைக்கழகம் வழியாக வந்த ஃப்ரீபிஎஸ்டிக்குச் சான்றிதழ் இல்லை. முற்றிலும் வேறு மரபில் வந்த ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் இசட்/ஓஎஸ்ஸுக்கு யூனிக்ஸ் 95 சான்றிதழ் உண்டு. ரெட் ஹாட் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட சீனாவின் இன்ஸ்பர் கே-யூஎக்ஸ் யூனிக்ஸ் 03 சான்றிதழ் பெற்றது. ரெட் ஹாட்டே பெறவில்லை. சோதனைக்கு உட்பட்டுக் கட்டணமும் கட்டியவர் யார் என்பதைத்தான் சான்றிதழ் சொல்கிறது. கட்டாதவர் தகுதியற்றவர் என்று அது சொல்லவில்லை. சரி, வம்சத்தையே அளவுகோலாக வைக்கலாமா? பெர்க்லி நிரலில் தன் நிரல் கலந்திருக்கிறது என்று ஏடி&டியின் துணை நிறுவனம் 1992இல் வழக்குப் போட்டது. 1994இல் சமரசம் ஆனபோது, சுமார் 18,000 கோப்புகளில் நீக்கவேண்டி வந்தவை 3 மட்டுமே. நேரடி வாரிசின் உடம்பிலேயே பழைய ரத்தம் அவ்வளவுதான்.

சான்றிதழ் இருந்தால் நிரல்கள் எங்கும் ஒரேபோல ஓடும் என்று நிச்சயமாக நம்பலாமே என்பார்கள். அந்த நிச்சயம் விதியில் எழுதியிருப்பதற்கு மட்டுமே. உரையைத் திருத்தும் செட் (sed) கட்டளையைக் கோப்பிலேயே நேரடியாகத் திருத்தச் சொன்னால், சான்றிதழ் பெற்ற மேக்ஓஎஸ் காப்புப் பிரதிக்கு ஒரு பின்னொட்டையும் கேட்கும். லினக்ஸில் அது தேவையில்லை. இந்த வசதி விதியிலேயே இல்லாததால் இரண்டில் எதையும் தவறு என்று சொல்ல முடியாது. அப்படியானால் யார் வேண்டுமானாலும் தங்களுடையதும் யூனிக்ஸ்தான் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்களா என்ற கேள்வி நியாயமானது. சொல்லட்டும்; ஆனால் எந்த இடத்தில் விதியைப் பின்பற்றுகிறார்கள், எந்த இடத்தில் விலகுகிறார்கள் என்று எழுதிக் காட்டிவிட்டுச் சொல்லட்டும். விதிநூலை இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம், ஆகவே சரிபார்க்கவும் வழி இருக்கிறது.

ஃப்ரீபிஎஸ்டியின் கையேட்டுப் பக்கங்கள் பலவற்றில் தர விதிகளுக்கென்றே ஒரு தனிப்பகுதி உண்டு. செட் கட்டளையின் பக்கத்தில், நேரடித் திருத்த வசதி தங்கள் சொந்தச் சேர்க்கை என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். யூனிக்ஸ் குடும்பம் என்று உரிமை கோரும் எல்லாத் தளங்களும் விதியிலிருந்து விலகும் இடங்களைத் தங்கள் கையேட்டில் இப்படிப் பட்டியலிட வேண்டும். கொள்முதல் செய்வோர் சான்றிதழ் எண்ணுக்குப் பதிலாக இந்தப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும் என்று கோருகிறோம்.