சேர்ப்பது வேறு, பதுக்குவது வேறு



பருப்பு விலையும் வரிப் படிவமும் பேசுகின்ற நமது சங்க இதழில் படக்கதைப் புத்தகங்களைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. தமிழில் காமிக்ஸ் என்றாலே நினைவுக்கு வரும் முத்துவும் லயனும் பட்டணத்துச் சரக்கு அல்ல. நம் கோவில்பட்டியிலிருந்து சாத்தூர் வழியாகப் போனால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் சிவகாசியின் சரக்கு. வானம் பார்த்த இந்தக் கரிசல் பூமியில் தீப்பெட்டி வந்தது, தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட அச்சகம் வந்தது, அச்சகத்தை ஒட்டிக் காலண்டரும் நோட்டும் வந்தன. அந்த மரத்தின் இன்னொரு கிளைதான் இது. பக்கத்து ஊர்ச் சரக்கைப் பற்றி வியாபாரி விவரம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மேலும், நம் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமல்ல, தலை நரைத்த நம்மவர்களிலும் சிலர் இப்புத்தகங்களை நல்ல பணம் கொடுத்து வாங்கிச் சேர்க்கிறார்கள். பணம் புழங்கும் இடத்தில் தரமான சரக்கும் உண்டு, இல்லாத விலையை ஏற்றிவிடுகிற கையும் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1972ஆம் ஆண்டு திரு. சவுந்தரபாண்டியன் அவர்கள் சிவகாசியில் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த நாயகன், 1962இல் இங்கிலாந்து வாரப் பத்திரிகை ஒன்றில் பிறந்தவன். 1984 ஜூலையில் அவருடைய மகன் திரு. விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் வந்த ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுவிட்டது. சிவகாசிப் புத்தகங்களோ இடையிடையே தடுமாறினாலும் நிற்கவில்லை. முத்து காமிக்ஸ் 2022இல் பொன்விழா ஆண்டைக் கண்டது. ஐம்பது வருடம் ஒரே வியாபாரத்தில் நிற்பது எவ்வளவு கடினம் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த நாட்களில் இவை மட்டமான நியூஸ்பிரிண்ட் தாளில், கருப்பு வெள்ளையில், பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கின. படித்து முடித்ததும் பழைய பேப்பர்க் கட்டோடு எடைக்குப் போயின. அதே கட்டு நம் பலசரக்குக் கடைகளுக்கு வந்து, சீரகமும் கடுகும் மடிக்கும் பொட்டலத் தாளாயிற்று. அன்றைய வழக்கம் அது. இன்று பழைய பிரதிகள் அரிதாகிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாற்றம் வந்தது 2012இல். பத்து ரூபாய்க்கு விற்ற இடத்தில், உயர்ந்த தாளில், வண்ணத்தில், நூறு ரூபாய் விலையில் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் 'நெவர் பிஃபோர் ஸ்பெஷல்' என்ற கனத்த புத்தகம் 400 ரூபாய்க்கு வந்தது. படக்கதைக்கு இவ்வளவு விலையா என்று கேட்கலாம். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் விடை தெரியும். பெட்டிக்கடைக்குக் கட்டுக்கட்டாக அனுப்பி, விற்காததைத் திரும்ப வாங்கி நட்டப்படுகின்ற முறையை விட்டு, ஆண்டுச் சந்தாவாகவும் முன்பதிவாகவும் பணத்தை முன்னதாக வாங்கிக்கொண்டு, புத்தகக் கண்காட்சிகளிலும் நேரே விற்கும் முறைக்கு அவர்கள் பெரும்பாலும் மாறினார்கள். தேவைக்குத் தக்க அச்சு, ரொக்கத்துக்குச் சரக்கு. கடன் சிட்டையைப் புரட்டியே வயதாகிப்போன நமக்கு இதில் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

இனி, சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய வெளியீடுகளைப் பார்ப்போம். என் கருத்தில், துண்டு துண்டாக வந்த நெடுங்கதைகளை ஒன்றாகத் தொகுத்து வெளியிட்ட பதிப்புகளுக்கே முதலிடம். தன் பெயரே மறந்துபோன ஒருவன் தான் யார் என்று தேடும் 'இரத்தப் படலம்' பல ஆண்டுகளாகப் பாகம் பாகமாக வந்த கதை. ஒரு பாகம் கிடைக்கும், அடுத்தது கிடைக்காது. 2010இல் அது கருப்பு வெள்ளையில் ஒரே தடித்த புத்தகமாக வந்தது. 2018இல் முழு வண்ணத்தில் மறுபடியும் வந்தது. அதேபோலக் கேப்டன் டைகரின் 'மின்னும் மரணம்' 2015இல் வண்ணத் தொகுப்பாக வந்தது. அமெரிக்காவின் வறண்ட பூமியையும் குதிரைப் புழுதியையும் வரைந்த ஜான் ஜிரோ என்ற பிரெஞ்சு ஓவியரின் கைவண்ணத்தை வண்ணத்தில்தான் பார்க்க வேண்டும். கோடைக் கரிசலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வெக்கை உடனே புரியும்.

அடுத்து, நம் தொழில்காரர்களுக்கென்றே நான் சிபாரிசு செய்வது லார்கோ வின்ச் கதைகள். பெரிய வியாபார சாம்ராஜ்யத்துக்கு வாரிசாகும் ஓர் இளைஞனைப் பங்குதாரர்களும் போட்டியாளர்களும் எப்படியெல்லாம் சுற்றி வளைக்கிறார்கள் என்பதே கதை. இதையும் இரத்தப் படலத்தையும் எழுதிய வான் ஹாம் என்ற பெல்ஜியம் நாட்டவர் வணிகப் படிப்புப் படித்து, பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்த பின்பு முழுநேரமாக எழுத வந்தவர். விஷயம் தெரிந்தவர் எழுதிய கணக்கு என்பது படிக்கும்போதே தெரியும்.

சிறுவர் கையில் கொடுக்க லக்கி லூக்கும், பெரியவர்களுக்கு டெக்ஸ் வில்லரும் போதும். டெக்ஸ் 1948இல் இத்தாலியில் பிறந்தவர். தமிழுக்கு 1985இல் வந்தார். கருப்பு வெள்ளையில் வந்தாலும் கதைக்குக் குறைவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அச்சிடும் பிரதிகள் அளவானவை என்றால், அங்கே பதுக்கலும் வந்துவிடும். படிக்காமலே ஐந்தாறு பிரதி வாங்கி வைத்து, தீர்ந்துபோன பிறகு பல மடங்கு விலை சொல்வதும், நாற்பது வருடத்துப் பழுப்புத் தாளுக்குப் பவுன் விலை பேசுவதும் சேகரிப்பு ஆகாது. வத்தல் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. ஏற்றத்தை நம்பிக் குளிர்பதனக் கிட்டங்கியில் மூட்டையை அடுக்கினவன், மாசி பங்குனியில் புது வரத்து இறங்கியதும் என்ன ஆனான் என்று நாம் பார்த்ததில்லையா? இங்கே புது வரத்துக்குப் பெயர் மறுபதிப்பு. 2015 முதல் பழைய இரும்புக்கை மாயாவி கதைகள் மறுபதிப்பாக வந்தன. கதைதான் வேண்டும் என்பவர் பழைய பிரதிக்கு ஆயிரங்களைக் கொட்ட வேண்டிய அவசியம் அன்றே குறைந்துவிட்டது. எனவே, விலை ஏறும் என்ற கணக்கில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். படிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், வெளியாகும் நேரத்தில், அச்சிட்ட விலையில், ஒரு பிரதி வாங்குங்கள்.

பழைய பிரதிக்கு மதிப்பே இல்லையா என்றால், நிச்சயமாக உண்டு. காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதியவர். பழைய தமிழ்ப் புத்தகங்களோடு, நாடக நோட்டீசு, கலியாணப் பத்திரிகை என்று பிறர் குப்பை என்று தள்ளியதையும் ஆயுள் முழுக்கச் சேர்த்தார். அவர் 1992இல் காலமான பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று தமிழ் ஆராய்ச்சி செய்பவர்கள் அதைத் தேடி வருகிறார்கள். அவர் சேர்த்தது நாலு பேருக்குப் பயன்பட்டது. பூட்டிய பீரோவில் பாலித்தீன் உறைக்குள் கிடக்கும் புத்தகம் யாருக்குப் பயன்படும்?

வைத்துக் காப்பதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. அரிசி மூட்டைக்குச் செய்வதையே செய்யுங்கள். தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். சுவரை ஒட்டாமல், வெயில் படாமல், அடிக்கடி எடுத்துத் தட்டி வையுங்கள். நம் ஊரின் வறண்ட காற்று மனிதனுக்குக் கஷ்டமானாலும் காகிதத்துக்கு நல்லது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இப்புத்தகங்களை வாங்குவோரில் பெரும்பாலோர் சிறு வயதில் மாயாவி படித்த நடுத்தர வயதினரே. நம் பேரப்பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் படித்து, நம் கடைப் பெயர்ப் பலகையையே எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்கள். அடுத்த தலைமுறை வாடிக்கையாளர் வராத கடை எத்தனை நாள் நடக்கும்? படம் பார்க்கும் ஆசையில் தமிழ் படிக்க வைக்கும் சாதனம் இதைவிட எளிதாக வேறொன்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே நமது சங்கக் கட்டடத்தில் ஓர் அலமாரி ஒதுக்கி, சங்கத்தின் பெயரில் ஒரு சந்தா கட்டி, உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையில் வந்து படிக்க வழி செய்ய வேண்டும் என்று நிர்வாகக் குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தீபாவளிக்கு ஒரு மாலையில் கரியாகிப் போகும் சிவகாசிச் சரக்குக்குப் பணம் கொடுக்கிறோம். பல வருடம் நிற்கும் சிவகாசிச் சரக்குக்கும் கொஞ்சம் கொடுக்கலாம்.