சிப் மேல் பழி போடாதீர்கள்!

1984-85-ல் மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு வந்தது பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர். ஃப்ளாப்பி படிக்கும்போது அது பாதியில் நின்றால், ‘கன்ட்ரோலர் போச்சு, ஆக்கர் கடைக்குப் போடு’ என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் மீட்டரை வைத்து 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று பாருங்கள். பவர் சப்ளையில் கண்டென்சர் பழசானால் வோல்டேஜ் தாழும். பழி சிப் மேல் விழும். பிறகு பட்டை கேபிள். அதற்கப்புறம்தான் இன்டெல் 8271. அதற்கு 40 கால். களியக்காவிளையில் இரண்டு பருவமழையும் உண்டு, காலில் களிம்பு பிடிக்காமல் இருக்குமா? மின்சாரத்தை நிறுத்தி, சாக்கெட்டிலிருந்து கழற்றித் துடைத்து மாட்டுங்கள். பல நேரம் அதுவே போதும். சிப்பே செத்திருந்தால் வெஸ்டர்ன் டிஜிட்டல் 1770 போடலாம். ஆனால் தனி போர்டு வேணும், டிஸ்க் ரோமையும் மாற்றணும்.

எங்க வீட்டில் பாலிடெக்னிக் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா ரப்பர் வெட்டுகிறார். லேப்டாப் வாங்கிப் பிரித்துப் பார்க்க வசதி ஏது? பிரித்தாலும் அதில் சிப்பெல்லாம் போர்டோடு ஒட்டியல்லவா இருக்கு! கழிக்கிற பழைய பெட்டிகளில் ஒன்றையாவது நம்ம லேப் மேஜைக்குத் தாருங்கள். கூடவே ஒரு மல்டிமீட்டரும்.