பெயர் தெரியாத 28 பேர்

தேச ஒற்றுமை! தேச ஒற்றுமை! மேடைதோறும் முழங்குகிறார்கள். அது எங்கே உயிரோடு இருக்கிறது? தொழிலாளி அறிவான், மேடைக்காரர்களுக்குத்தான் தெரியவில்லை.

2023 ஜூன் 2 மாலை, ஒடிசாவில் பகநாகா பஜார் நிலையத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் ரயில் நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. பெங்களூரிலிருந்து ஹவுரா சென்ற வண்டியும் சிக்கிச் சிதைந்தது. மாண்டவர்கள் 290க்கும் மேல். பிழைப்புத் தேடி வந்த கூலிகள் எத்தனையோ பேர்!

முதலில் ஓடி வந்தது மந்திரிகளா? இல்லை. பக்கத்துக் கிராமத்து ஏழை ஜனங்கள்! கைப்பேசி வெளிச்சத்தில் பெட்டிகளுக்குள் புகுந்து மனிதர்களை மீட்டார்கள். பாலசோர் ஆஸ்பத்திரியில் வாலிபர்கள் இரவெல்லாம் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். யாருக்கு? எந்த ஊர், எந்த மதம் என்று தெரியாதவர்களுக்கு!

அதே நேரத்தில் ஒரு நாசகாரக் கும்பல் என்ன செய்தது? தண்டவாளத்தருகே மசூதி இருக்கிறது, இது சதி என்று புளுகைப் பரப்பியது. அந்தக் கட்டடமோ ஒரு கோயில்! விபத்துக்கு மதச்சாயம் பூசாதீர்கள் என்று ஒடிசா போலீசே எச்சரிக்க நேர்ந்தது. உண்மைக் காரணம் சிக்னல் பராமரிப்பில் நடந்த தவறான மின்கம்பி இணைப்பு என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணை கூறியது. மதச் சண்டை மூண்டால் நிர்வாகத்தின் குற்றம் மறைந்து போகும் அல்லவா?

உரிமை கோர ஆளின்றி 28 சடலங்கள் நான்கு மாதம் கிடந்தன. 2023 அக்டோபரில் புவனேஸ்வரத்தில் தகனம் நடந்தபோது, உறவில்லாத பெண்கள் முன்வந்து சிதைக்குத் தீ மூட்டினார்கள். இதுவல்லவா தேசம்!

ஆனால் தோழர்களே, கருணையோடு நின்றுவிட்டால் போதாது. முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறும் ஏழையின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஓசூர் சிப்காட்டில் காண்டிராக்டரிடம் வேலை செய்யும் பீகாரி, ஒடியா தொழிலாளியின் பெயர் ஒழுங்காகப் பதிவேட்டில் இருக்கிறதா? ரோஜாத் தோட்டத்துக் கூடாரத்தில் வேலை செய்பவனின் பெயர்?

'வடக்கத்தியான் நம் கூலியைக் கெடுக்கிறான்' என்கிறார்கள் சிலர். கூலியைக் குறைப்பது அவனா, முதலாளியா? ஜூஜூவாடி தாண்டினால் நாமும் வெளியூரானே! 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளிப் பட்டாசுக் கிடங்கில் தீப்பற்றி, அன்றே 14 பேர் மாண்டார்களே. தீபாவளி வேலைக்குப் போன நம் தமிழ்ப் பிள்ளைகள் அல்லவா அவர்கள்!

ஆகவே மில் தோழர்களே, விவசாயத் தொழிலாளிகளே! உங்கள் பக்கத்தில் வேலை செய்யும் வெளி மாநிலத் தோழனின் பெயர், ஊர், வாரிசு ஆகியவற்றைக் கேட்டுச் சங்கத்தில் எழுதி வையுங்கள். பதிவேட்டில் அவன் பெயரும், கையில் இ.எஸ்.ஐ. எண்ணும் வரும்வரை காண்டிராக்டரை விடாதீர்கள். அவனுக்கும் நமக்கும் ஒரே கூலி கேளுங்கள்.

இனி ஒரு தொழிலாளியும் பெயரின்றிச் சாகக் கூடாது!