காய்கறி நிலங்களில் புகையிலை ஊடுபயிர் குறித்து மேல்சித்தாமூர் விவசாயிகளின் கோரிக்கை மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தோட்டக்கலைத் துணை இயக்குநர் அவர்கள், விழுப்புரம்.

பெருமதிப்பிற்குரிய ஐயன்மீர்,

செஞ்சி வட்டம் மேல்சித்தாமூர் விவசாயிகள் சங்கத்தார் வணக்கத்துடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம் யாதெனில்:

நெல்லும் நிலக்கடலையும் பிரதானமாகவும், கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியன கைச்செலவுக்காகவும் விளையும் எங்கள் பகுதியில், காய்கறி விலை சரியுங்கால் நேரும் நஷ்டத்தை ஈடுசெய்யும் பொருட்டுப் புகையிலையை ஊடுபயிராக வைக்கலாமா என்னும் யோசனை சிலரிடையே தலையெடுத்திருக்கிறது. அவர்களைக் குறைகூறுவது எங்கள் நோக்கமன்று. வழிகாட்டுவாரின்றி இம்முயற்சியில் இறங்கினால் அவர்கள் நிலமும் அயலார் நிலமும் ஒருங்கே கெடுமே என்ற அச்சத்தினாலேயே தங்கள் சமுகத்தை நாடினோம்.

கத்தரி, தக்காளி, மிளகாய், புகையிலை ஆகிய நான்கும் ஒரே குடும்பத்துத் தாவரங்களாதலின், ஒன்றைப் பீடிக்கும் வியாதி மற்றொன்றுக்கு எளிதில் தாவுகிறது. வாடிய கத்தரித் தண்டைக் குறுக்கே நறுக்கித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்தினால், வெட்டுவாயிலிருந்து வெண்ணிற இழையொன்று கீழிறங்குவதைக் காணலாம். அது பாக்டீரியா வாடல் நோயின் அடையாளம், அக்கிருமி புகையிலையையும் விட்டுவைப்பதில்லை. செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் மணி கோத்தாற்போல் முடிச்சிட்டிருப்பது நூற்புழுவின் வேலை. தேமல் நோயோ, புகையிலையைத் தொட்ட கையுடன் தக்காளியில் பக்கக்கிளை ஒடிக்கும் ஆளின் விரல் வழியாகவே பரவக்கூடியது. மேலும், புகையிலை வேரைப் பற்றிச் சத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணிக் களையின் நுண்விதை, பல்லாண்டுகள் மண்ணில் கிடந்து, பின்னர் வைக்கும் தக்காளியையும் கத்தரியையும் பற்றவல்லது. தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் புகையிலை மிகுதியாகக் கவர்வதால், மெலிந்த நிலம் மேலும் மெலியும்.

ஆகவே, 1947இல் ராஜமுந்திரியில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரில் நிறுவப்பெற்ற நிறுவனத்தின் வேடசந்தூர் நிலையம் ஊடுபயிர் பற்றிக் கண்டறிந்த முடிவுகளைத் தருவித்து, எங்கள் ஊரிலேயே தமிழில் விளக்கச் செய்யவேண்டும். திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தார் எங்கள் நிலங்களில் மண்ணையும் நூற்புழுவையும் பரிசோதித்து, மூன்று பருவங்களேனும் சோதனை வயல் நடத்தி முடிவு அறிவிக்கும் வரை, காய்கறியுடன் புகையிலை வைக்குமாறு எவருக்கும் சிபாரிசு செய்தலாகாது. அதற்கீடாக நூற்புழுவைக் குறைக்கும் செண்டுமல்லி, நோய்த்தொடரை அறுக்கும் கேழ்வரகு ஆகியவற்றின் விதைகளை மானிய விலையில் வழங்கவேண்டுகிறோம். வெங்காயமும் தக்கதே; ஆயினும் சமண மடம் விளங்கும் இவ்வூரில் அதை விலக்கி விரதம் காப்போர் உண்டாதலால், அதைக் கட்டாயமாக்காதிருத்தல் நலம்.

2004இல் இந்தியா ஏற்றுக்கொண்ட உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு, புகையிலை பயிரிடுவோருக்கு மாற்று வழிகளைப் பேணுமாறு கூறுகிறது. புகையிலை இன்னும் வேரூன்றாத எங்கள் ஊரில் அவ்வழிகளை முன்னதாகவே திறந்துவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
மேல்சித்தாமூர் விவசாயிகள் சங்கத்தார்