லேப்டாப்புக்கு இருதய மாற்று சிகிச்சை!

"தாத்தா, லேப்டாப்புக்கு கிராபிக்ஸ் ஏத்தித் தர்றாங்களாம். பதினாலாயிரம்தான்!" என்று வந்து நின்றான் பேரன். பிளஸ் டூவில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் அது. இப்போது அனிமேஷன் படிக்கிறான், அது திணறுகிறது. அம்பத்தூரில் ஒரு கடைக்காரர் ஆசை காட்டியிருக்கிறார்.

எனக்கு வந்ததே கோபம்! ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் இஞ்சின் கழற்றி மாட்டியவன் நான். டாங்கியில் அதற்கு இடம் விட்டிருப்பான். இந்த லேப்டாப்பில் கிராபிக்ஸ், பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. அதுவும் போர்டில் பற்றவைத்தது. எதைக் கழற்றி எதை மாட்டுவார்? வெளியே கார்டு வைக்கத் தண்டர்போல்ட் போன்ற போர்ட் வேண்டும், அதுவும் இல்லை. வேறு மதர்போர்டு போடுவாராம். அந்தச் சூட்டை இந்தத் துக்கடா ஃபேன் தாங்குமா?

அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு டெஸ்க்டாப் கட்டச் சொன்னேன். ரைசன் 5600ஜி போதும், கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு. சம்பாதித்த பிறகு ஸ்லாட்டில் தனி கார்டு சொருகிக்கொள்ளட்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

"தூக்கிட்டுப் போக முடியாதே தாத்தா?" வகுப்புக்குக் குறிப்பெடுக்கப் பழைய லேப்டாப் இருக்கிறதே, அதை யார் பிடுங்கினார்கள்?

கடையிலிருந்து அதைத் திருப்பி வாங்கிவிட்டேன். சனிக்கிழமை இரண்டு பேரும் ரிச்சி தெருவுக்குப் போகிறோம்.