வரைபடத்தில் இல்லாத 34 மீட்டர்

சுங்கை வேயை இப்போது ஸ்ரீ செத்தியா என்கிறார்கள். கொமுட்டர் நிலையத்தின் பெயரும் அதுதான். ஆனால் தொழிற்சாலை பஸ் ஏறிய அம்மாக்களும் அக்காக்களும் இருந்த வீடுகளில் அது இன்னும் சுங்கை வேதான். 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வந்த சுதந்திர வர்த்தக மண்டலம் அவர்களை இங்கே அழைத்து வந்தது. நான் வந்தது கேபிள் வேலைக்கு.

சில ஆண்டுகளுக்கு முன், இங்குள்ள ஒரு தொழிற்சாலையில் எல்லா இயந்திரங்களையும் ஒரே சுவிட்ச் பெட்டியில் இணைக்க வேண்டியிருந்தது. திட்டம் போட்டவன் நான். கேபிள் இழுத்தவர் டிப்ளோமா முடித்து வந்த ஒரு தம்பி. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

மூன்றாம் நாள் கோளாறு தொடங்கியது. கடைசி வரிசை இயந்திரம் மதியமானால் தொடர்பு அறுந்து நிற்கும். மாலையில் தானாக ஓடும். கேபிள் தலையைத் தம்பி சரியாக அடிக்கவில்லை என்று முடிவு கட்டினார்கள். நானும் நம்பினேன். மூன்று முறை தலையை மாற்ற வைத்தேன். அவரை நிறுத்திவிடலாம் என்ற பேச்சும் வந்துவிட்டது.

"அண்ணே, கேபிள் மேலயே மீட்டர் எண் அச்சடிச்சிருக்கு. இழுக்கும்போதே நூறைத் தாண்டிருச்சு. அன்னிக்கே சொன்னேன்" என்றார் தம்பி.

சொன்னது உண்மை. காதில் வாங்காதது நான்.

சோதனைக் கருவியை மாட்டினேன்: 112 மீட்டர். வரைபடத்தில் நான் நேர்கோடு போட்டு அளந்தது 78. கூரைக்கு ஏற 6, இறங்க 6, சுவரோரம் சுற்ற 22. இந்த 34 மீட்டரும் என் தாளில் இல்லை. ஈதர்நெட் செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். நிலையாகப் பதிப்பது 90, இரு முனை இணைப்பு வயர்களுக்கு 10. வெப்பம் ஏறினால் செம்பில் சமிக்ஞை இன்னும் தேயும். தகரக் கூரைக்கடியில் மதிய வெயில் மீதியைச் செய்தது.

அன்று மாலையே மேலாளரிடம் போய், தவறு என் திட்டத்தில் என்றேன். நடுவில் ஒரு சிறு பெட்டி வைத்துத் தூரத்தை இரண்டாகப் பிரித்தோம். தம்பியின் வேலை தப்பியது.

இத்துறைக்கு வரும் இளையோருக்கு நான்கு சொல். கேபிள் போகும் வழியை நடந்து, ஏறி, இறங்கி அளந்து பாருங்கள். மோட்டார் மின் கேபிளோடு ஒரே தட்டில் தகவல் கேபிளைப் போடாதீர்கள். மின்காந்த இரைச்சல் புகுந்துவிடும். கட்டடம் விட்டுக் கட்டடம் போகும்போது கண்ணாடி இழைக் கேபிள் போடுங்கள். நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் இடி மின்னல் செம்பு வழியே வந்து பெட்டியையே எரித்துவிடும். இரு முனையிலும் பெயர் ஒட்டுங்கள்; நள்ளிரவில் பழுது பார்க்க வருபவர் உங்களை வாழ்த்துவார்.

ஐந்தாவது, திட்டம் போடுகிற என் போன்றவர்களுக்கு: கேபிளைக் கையில் பிடித்தவர் சொல்வதை முதலில் கேளுங்கள்.